சொட்டு மருந்தா, மாத்திரையா? பங்காளி வீட்டு நாய்க்கு உண்ணி வைத்தியம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஐந்து பங்கு. ஆத்தா இருக்கும் பங்கைத் தவிர மற்ற அறைகளெல்லாம் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு சாவி கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில். நாய்க்கு உண்ணி மருந்து வாங்குகிற கதையில் பங்கும் பூட்டும் எதற்கு என்று கேட்கலாம். எனக்குக் கடைசியில் முடிவு சொன்னது அந்தப் பூட்டுகள்தான்.

எங்கள் நாய் மணி 18 கிலோ, சிப்பிப்பாறை இனக் கலப்பு. இரண்டு வருடம் அதற்கு மாதாமாதம் சொட்டு மருந்துதான். போன ஐப்பசியில் இரண்டு நாள் சோறு தொடவில்லை. ஈறு வெளுத்துப் போயிற்று. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்ததும் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பாதாளத்தில். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி. 28 நாளுக்கு டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதினார் டாக்டர். நாலாம் நாளே வாலாட்டிக்கொண்டு தட்டுக்கு வந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று ஆத்தா நிறுத்தப் பார்த்தார். நிறுத்தக் கூடாது. கணக்கை முடிக்காவிட்டால் கிருமி உள்ளேயே பதுங்கி மாதக் கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வரும்.

பாஸ்டனில் இருக்கும் தம்பி உடனே கேட்டது, "லைம் நோயா?" இல்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரின் பெயரால் வந்த அந்த நோயைப் பரப்புவது மான் உண்ணி, வேறு இனம். நம் வீட்டு நாய் மேல் ஏறுவது பழுப்பு உண்ணி. இதில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. லைம் கிருமி உடம்புக்குள் போக, உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அதனால் அங்கே சாயங்காலம் உடம்பைத் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எர்லிக்கியாவுக்குச் சில மணி நேரமே போதும். பிடுங்குவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அப்புறம், நம் பேப்பரில் மனிதர்களுக்கு வருவதாகப் போடுகிற உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. அது புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு மணியைத் திட்ட வேண்டாம்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் மலிவு. ஆடுமாட்டுக்கு வாங்கி வைத்ததையே நாய்க்கும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அளவு தப்பினால் விஷம், நாய் நக்கினாலும் ஆகாது. எழுபது வயது ஆத்தா கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்ணி மருந்து கலந்த கழுத்துப் பட்டையை இரண்டே மாதம்தான் போட்டுப் பார்த்தேன். மணி சுவரில் தேய்த்தே கழற்றிவிட்டது. அதனால் பட்டையைப் பற்றி நான் பெரிதாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஃப்ளூமெத்ரின் கலந்த பட்டைக்கு ஒரு நிஜமான அனுகூலம் உண்டு. உண்ணி கடிப்பதற்கு முன்பே அதை விரட்டும்.

சொட்டு மருந்தையும் குறை சொல்ல மாட்டேன். நான் போட்டது ஃபிப்ரோனில். பிடரிக்குக் கீழே முடியை விலக்கித் தோலில் விட்டால் எண்ணெய்ப் பசையோடு உடம்பெங்கும் பரவும். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. இங்கேதான் சிக்கல். ஐப்பசி மழையில் முற்றத்தில் தண்ணீர் கொட்டினால் மணி நடுவில் போய் நிற்கும், யார் தடுப்பது? இன்னொன்று, தேதி. நான் மதுரையிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து போடுவேன். ஒரு மாதம் வர முடியவில்லை, அடுத்த மாதம் பத்து நாள் தள்ளிப் போயிற்று. அந்த இடைவெளியில்தான் நோய் வந்தது.

கொஞ்ச நாள் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் வீட்டில் இருக்கிறது. குஞ்சு உண்ணிகள் ரத்தம் குடித்ததும் உதிர்ந்து இடுக்கில் போய்ப் பதுங்கித் தோல் உரிக்கும். பெட்டை சுவரில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். பெரிய உண்ணி ரத்தமே இல்லாமல் மாதக் கணக்கில் காத்திருக்கும். நம் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். ஆனால் தேக்கு நிலைக்கும் சுவருக்கும் நடுவே நூறு வருடத்து இடுக்கு, பூட்டிய கதவின் அடியில் விரல் நுழையும் சந்து. வீடு முழுக்க மருந்தடிக்கலாம் என்றால் பாதி அறைக்குச் சாவி இல்லை.

வீட்டைச் சுத்தம் செய்ய முடியாத இடத்தில் நாயைத்தான் பொறியாக வைக்க வேண்டும். பசித்த உண்ணி என்றைக்காவது நாயைத் தேடி வந்தே ஆகும். வந்து கடித்தால் சாக வேண்டும், அதுவும் ஒரு நாள் இடைவெளி விடாமல். ஃப்ளூராலனர் மாத்திரை இதற்குத்தான் பொருந்துகிறது. ஒரு மாத்திரை 12 வாரம். ரத்தத்தில் இருப்பதால் மழை, குளியல் எதுவும் அதைத் தொடாது. வருடத்துக்கு நாலைந்து தேதி, அவ்வளவுதான். சோற்றோடு கொடுக்க வேண்டும். எடையைப் பார்த்து வாங்க வேண்டும். மணிக்கு 10 முதல் 20 கிலோ வரைக்கான மாத்திரை. விலை ஒரே தடவையில் ஆயிரத்தைத் தாண்டுகிறது, கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

குறையும் உண்டு. உண்ணி கடித்த பிறகுதான் இது கொல்லும், அதனால் கிருமிக்குக் கதவு முழுக்க அடைபடவில்லை. வலிப்பு வந்திருக்கிற நாய்க்குக் கொடுக்கும் முன் டாக்டரைக் கட்டாயம் கேட்கவும். இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்திருக்கிறது. மணிக்கு இதுவரை மூன்று மாத்திரை ஆகியிருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஒரு நாயை வைத்து ஊருக்கே சொல்ல முடியாதே.

முதல் மாத்திரைக்குப் பிறகும் மூன்று வாரம் உண்ணி ஏறிக்கொண்டுதான் இருந்தது, மருந்து போலி என்றே நினைத்தேன். பார்த்தால் எல்லாம் செத்து உதிர்கிறவை. இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிகம். பட்டால் நகத்தால் நசுக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கிறார் ஆத்தா. மண்ணெண்ணெய் ஊற்றுவதை ஒருவழியாக விட்டாயிற்று.

தையில் சிங்கப்பூர்ப் பங்காளி வீட்டுக் கல்யாணம், மூன்று அறை திறக்கிறார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் அடுத்த மாத்திரைத் தேதி வருகிறது.