திங்க்பேட் எக்ஸ்230: தேரடிக் கடையில் எட்டரை வருஷம்

"ஏன் தம்பி, ஃபுட்வால்வு போயிடுச்சா?"

2019 நவம்பர். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதியக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. சிட்டா, அடங்கல், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள். என் திங்க்பேட் லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் அப்படிக் கேட்டார். ஃபுட்வால்வு என்றால் பம்புக் குழாயின் அடியில் தண்ணியைப் பிடித்து வைக்கும் வால்வு. மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலைன்னா எங்க ஊரில் முதலில் கேட்பது அதைத்தான். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்கு இரண்டு மாசம் ஆனது.

கடை மன்னார்குடி தேரடிப் பக்கம். டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம். லேப்டாப்பை 2017இல் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2012இல் வந்த மாடல். ஐ5-3320எம் பிராசசர், 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கும்போது நன்றாகத்தான் ஓடியது. விண்டோஸ் 10 அப்டேட்டும் பிரவுசரும் வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போக, பட்டனைத் தட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

முதலில் செய்தது தப்பு. "ராம் போடுங்க, பறக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். அவர் கொடுத்ததை வீட்டில் வைத்து அழுத்துகிறேன், உட்காரவே இல்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கிறது. கொடுத்தது அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்4, இந்த மெஷினுக்கு வேண்டியது டிடிஆர்3. இன்னும் பலமாக அழுத்தியிருந்தால் ஸ்லாட்டே போயிருக்கும். மாற்றி வாங்கி 8 ஜிபி ஆக்கினேன். பத்து டேப் திறந்தால் திணறாமல் இருந்தது, உண்மைதான். ஆனால் ஆன் ஆக அதே மூன்று நிமிஷம்.

அப்புறம்தான் மெஷினில் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் 12 சதவீதம், ராம் பாதி கூட இல்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நட்டுக்கொண்டு நிற்கிறது. காசு எடுத்து வைப்பதற்கு முன் எல்லாரும் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதற்கு மேல் ஊசி வேறு இடம் மாற வேண்டும். ஒரே பெரிய ஃபைல் என்றால் பரவாயில்லை. விண்டோஸ் கிளம்பும்போது கேட்பது ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்கள். கிடங்கில் ஒரே ஆள் மூலைக்கு மூலை ஓடி மூட்டை தேடுகிற கதை. சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

2020 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். இந்த மாடலில் டிஸ்க் மாற்றப் பக்கவாட்டு மூடிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூதான். மூடியைக் கழற்றி, பழசை உருவி, புதுசைச் சொருகினால் முடிந்தது. இரண்டரை இன்ச், 7 மில்லிமீட்டர் தடிமன் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆன் ஆக எடுத்த மூன்று நிமிஷம் வெறும் 24 செகண்டாகக் குறைந்தது. ஃபுட்வால்வு இதுதான்.

பழசை அப்படியே காப்பி எடுக்காமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். மறுநாள் ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தால் ஒரே இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி ஃபாண்ட் பழைய டிஸ்கோடு போய்விட்டது. யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் அடித்துப் பிழைக்கும் டிடிபிக்காரர்கள் ஃபாண்ட் ஃபோல்டரை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பழைய டிஸ்க் கையில் இருந்ததால் பிழைத்தேன்.

அடுத்த பெரிய மாற்றத்துக்குக் காசே ஆகவில்லை. வீட்டுக்கு எதிரே களம். அறுப்புக் காலத்தில் தூசி ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படியும். 2022 மாசியில் விசிறி ஓயாமல் இரைந்தது. பிராசசர் சூடு 96 டிகிரி செல்சியஸ். கீபோர்டைக் கழற்றி உள்ளே போய்ப் பார்த்தால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு அடை. நகத்தால் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. பிராசசர் மேல் பூசிய பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருபொருத்துப் போயிருந்தது. துடைத்துவிட்டு, இருநூறு ரூபாய்க்குள் ஒரு புது பேஸ்ட் வாங்கிப் பட்டாணி அளவு வைத்தேன். அதே வேலைக்கு இப்போது 75 டிகிரி. இப்போதெல்லாம் வருஷா வருஷம் சம்பா அறுப்பு முடிந்ததும் இதைச் செய்கிறேன். (காசே ஆகவில்லை என்றேன், இருநூறு ரூபாயை யார் கணக்கில் வைப்பது.)

பேட்டரியில் மட்டும் ஏமாந்தேன். கஜா புயல் அடித்த 2018இல் மூன்று வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்த பயத்தில், "ஒன்பது மணி நேரம்" என்று போட்டிருந்த மலிவான ஒன்றை ஆன்லைனில் எடுத்தேன். நாலே மாசத்தில் நாற்பது நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது கடை இன்வெர்ட்டர்தான் கதி.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும், இது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்கிறார்கள். மக்கள் ஆதார் நம்பரை அடிக்கிற மெஷினில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டேன். பிரவுசர் வேலை, தமிழ் டைப்பிங் எல்லாம் சுகமாக நடக்கிறது. பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்காக விண்டோஸை ஒரு ஓரமாக, நெட் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

எஸ்எஸ்டி ஆறு வருஷம் ஓடியும் ஆயுள் 91 சதவீதம் காட்டுகிறது. மூடியின் கீல்தான் தளர்ந்துவிட்டது. திறக்கும்போது திரை ஒரு தடவை கண்ணடிக்கும். திரை போனால் மாற்ற மாட்டேன். இரண்டரை இன்ச் டிஸ்குக்கு இடம் இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த மெஷினில் போட்டுக்கொள்ளலாம். ராம் அதில் உட்காராது, அந்த வெட்டு இடம் மாறியிருக்கும்.