3,850 ரூபாய்க்கு ஜமைக்கா: ஒரு சமையல் பெட்டியைத் திறந்து பார்த்ததில்

ஜமைக்கா நாட்டின் பாரம்பரிய உணவுகளை வீட்டிலேயே சமைப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பி வைப்பதாகச் சொல்லும் இணைய வணிக நிறுவனம் ஒன்றிடம், சென்ற மார்கழியில் 3,850 ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். சூளைமேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு அது ஒன்பது நாள்களில் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு குப்பி ஜெர்க் மசாலா விழுது, ஒரு பொட்டலம் ஜமைக்கக் கறித்தூள், குழம்புக்கு நிறம் கொடுக்க ‘பிரௌனிங்’ எனப்படும் கரிய நிறத் திரவம் ஒரு சிறு குப்பி, உலர்ந்த தைம் இலை, ஆல்ஸ்பைஸ் என்னும் மசாலாக் காய் 50 கிராம், அரைக் கிலோ ராஜ்மா, தேங்காய்ப்பால் டின் ஒன்று, ஆக்கிப் பழ டின் ஒன்று, ஆங்கிலத்தில் அச்சிட்ட செய்முறைத் தாள் ஆகியவை இருந்தன. சென்னைக்குத் தேங்காய்ப்பாலை டின்னில் அடைத்து அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம் என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் சமைத்துப் பார்த்த பிறகு, அந்தச் சொல் தேங்காய்ப்பாலுக்கு மட்டுமன்றிப் பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்கி டின்னின் விளிம்பு நசுங்கி வந்தது. மற்ற பொருளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஆக்கி அப்படிப்பட்டதன்று. முற்றாத ஆக்கியில் ஹைப்போகிளைசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், பழம் மரத்திலேயே தானாக வாய் பிளந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்பதும், அதன் வெளிர்மஞ்சள் சதையை மட்டுமே உண்ண வேண்டும் என்பதும் ஜமைக்காவில் குழந்தைகளும் அறிந்த விதி. டின்னில் வருவது பதப்படுத்தியதுதான் என்றாலும், இந்த விவரத்தில் ஒரு வரிகூடச் செய்முறைத் தாளில் இல்லை. நசுங்கிய டின்னைப் படம் எடுத்து அனுப்பி, நான்கு முறை தொலைபேசியில் பேசி, பதினேழு நாள் கழித்து மாற்று டின் பெற்றேன். பேசியவர்கள் மரியாதையாகப் பேசினார்கள் என்பதையும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

பெட்டியின் நாயகன் ஜெர்க் விழுதுதான். ஜெர்க் என்பது ஒரு குழம்பின் பெயரோ வறுவலின் பெயரோ அன்று. இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, மெல்லிய தணலிலும் புகையிலும் நெடுநேரம் வாட்டி எடுக்கும் முறையின் பெயர். 1655ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து தீவைக் கைப்பற்றிய காலத்திலும் அதற்குப் பிறகும் அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைக்காடுகளில் குடியேறிய மரூன் மக்கள், தீவின் பூர்வகுடிகளான தைனோக்களிடம் கற்றதோடு தம் ஆப்பிரிக்க வழக்கத்தையும் சேர்த்து, காட்டுப்பன்றி இறைச்சியை இவ்வாறு பதப்படுத்தினர் என்பர். ஆகவே, விழுது எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகை இல்லாமல் அது வெறும் காரக் கோழியாகவே முடியும். செய்முறைத் தாளோ, தோசைக்கல்லில் இருபது நிமிடம் பொரித்தால் போதும் என்கிறது. அப்படியே செய்து பார்த்தோம். மசாலா கருகியது, உள்ளே சதை வேகவில்லை.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் இரும்புக் கரியடுப்பை வைத்தேன். இறைச்சிக் கடையில் கோழியைத் தோலோடு வெட்டித் தரும்படி வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, ஏனெனில் எங்கள் தெருவில் தோலுரித்த கோழியையே எல்லாரும் கேட்பார்கள். தோல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத் தணலில் கோழி கட்டையாகிவிடும். காலையில் விழுதைத் தடவி, இரவு ஏழு மணிக்குத் தணலின் ஓரமாக வைத்து, தண்ணீரில் ஊறிய ஆல்ஸ்பைஸ் காய்களை ஒரு கைப்பிடி கரியின் மேல் தூவி, மூடி போட்டு வாட்டினேன். ஜமைக்காவின் போர்ட்லாண்ட் பகுதியில் உள்ள பாஸ்டன் பே என்ற ஊரில் ஆல்ஸ்பைஸ் மரத்தின் கட்டைகளையே எரித்தும் அவற்றின் மேலேயே இறைச்சியைப் பரப்பியும் வாட்டுகிறார்கள். நமக்கு மரம் கிடைக்காது, காய் போதும். பக்கத்து வீட்டு மாமா, எந்தக் கோயிலில் சாம்பிராணி போடுகிறார்கள் என்று மாடிக்கு ஏறி வந்து கேட்டார். அவருக்கு ஒரு கால் துண்டு கொடுத்தனுப்பினேன்.

விழுதின் சுவையைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. வெங்காயத்தாள், தைம், இஞ்சி, பூண்டு, ஜாதிக்காய், ஸ்காட்ச் பானெட் மிளகாய் எல்லாம் அதில் தனித்தனியே தெரிகின்றன. உப்பு மட்டும் அதிகம். தாளில் சொன்ன அளவில் பாதி போதும். ஸ்காட்ச் பானெட்டின் காரம் ஸ்கோவில் அளவில் ஒரு லட்சம் முதல் மூன்றரை லட்சம் வரை போகும். நம் காந்தாரி மிளகாய் அந்தக் காரத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கலாம், ஆனால் ஸ்காட்ச் பானெட்டில் உள்ள பழவாசனை அதில் வராது. ஆகவே வீட்டில் அரைக்கும் ஜெர்க் விழுதில் இந்த ஒன்று மட்டும் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அரைக்க வேண்டும்.

இனி அந்த 50 கிராம் பொட்டலத்துக்கு வருகிறேன். ஆல்ஸ்பைஸ் என்றவுடன் பல மசாலாக்களின் கலவை என்று நினைப்பவர்கள் நம்மிடையே மிகுதி. அது ஒரே மரத்தின் காய். பச்சையாகப் பறித்து வெயிலில் உலர்த்தியது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் ஆகிய மூன்றின் மணமும் ஒன்றாக எழுவதால் அந்தப் பெயர் வந்தது. கேரளத்தில் அதற்குச் சர்வசுகந்தி என்ற அழகான பெயர் உண்டு. அதையே நானும் இனிப் பயன்படுத்துகிறேன். ஜமைக்கர்கள் அதைப் பிமென்டோ என்கிறார்கள். மிளகைத் தேடிப்போன ஸ்பானியர்கள், பார்வைக்கு மிளகைப் போலவே இருந்த இந்தக் காய்க்குத் தம் மொழியில் மிளகுக்கு உள்ள பெயரையே சூட்டிவிட்டதன் விளைவு அது. ஜமைக்கச் சமையலின் உயிர் இந்தக் காயில்தான் இருக்கிறது. ஜெர்க்கில், ஆட்டுக்கறியில், மீன் ஊறுகாயில், கிறிஸ்துமஸ் பானத்தில், எங்கும் இது உண்டு.

பெட்டியில் வந்தது தீர்ந்ததும் பாரிமுனைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் தேடினேன். ஒரு கடைக்காரர் மிக உறுதியாக வால்மிளகை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் உருண்டை, இரண்டும் கரும்பழுப்பு, எனவே ஏமாறுவது எளிது. வால்மிளகுக்குப் பெயருக்கேற்ப ஒரு காம்பு வால் இருக்கும். கடித்தால் நாக்கில் குளிர்ச்சியும் கசப்பும் பரவும். சர்வசுகந்திக்கு வால் கிடையாது, சற்றுப் பெரியது, விரலால் நசுக்கினால் கிராம்பு மணம் வரும். எதுவும் கிடைக்காத நாளில் கிராம்பு ஒன்றும் பட்டை ஒரு சிறு துண்டும் ஜாதிக்காய்ச் சீவல் ஒரு சிட்டிகையும் சேர்த்துப் பொடித்தேன். குறையில்லை என்றாலும், குழம்பு கொஞ்சம் பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அரிசியும் பயறும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில்தான் எங்கள் வீட்டில் பெரிய கூத்து நடந்தது. ஜமைக்காவில் அதற்கு ‘ரைஸ் அண்ட் பீஸ்’ என்று பெயர். பீஸ் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ராஜ்மாவையே. செய்முறைத் தாளின் தலைப்பை மட்டும் படித்த என் அண்ணி முந்தைய நாள் இரவே அரைக் கிலோ பச்சைப் பட்டாணியை ஊறப் போட்டுவிட்டார். பெட்டியில் ராஜ்மாவை எதற்கு வைத்தார்கள் என்பதற்கும், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த முரணுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். பிறகு ராஜ்மாவைக் குக்கரில் வேகவைத்து, அந்தச் சிவந்த நீரோடு தேங்காய்ப்பாலையும் வெங்காயத்தாளையும் தைமையும் நான்கு சர்வசுகந்திக் காய்களையும் சேர்த்து, ஒரு மிளகாயை உடையாமல் முழுதாக மேலே மிதக்கவிட்டு, பொன்னிப் புழுங்கல் அரிசியை அதில் வேகவைத்தோம். மிளகாய் வெடித்துவிட்டால் சோறு முழுவதும் பாழ். அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, “இது நம்ம தேங்காய்ப்பால் சோறுதானே, நெய்யும் முந்திரியும்தான் குறையுது” என்றார்.

ஜமைக்கர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் ராஜ்மாவுக்குப் பதிலாக ‘கங்கோ பீஸ்’ போடுகிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் பச்சைத் துவரை. பொங்கல் வாரத்தில் கோயம்பேட்டில் துவரங்காய் வந்திருந்தபோது வாங்கி உரித்துப் போட்டுச் செய்தேன். ஐந்து வாரச் சமையலில் ஆகச் சிறந்த தட்டு அதுதான் என்பதையும், அதில் பெட்டியிலிருந்து எடுத்தது தைமும் நான்கு சர்வசுகந்திக் காய்களும் மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கறித்தூளைப் பற்றி எழுதும்போது தயக்கம் வருகிறது. 1845ஆம் ஆண்டில் தொடங்கி முதல் உலகப் போர்க் காலம் வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும் ஒரு சிறு பகுதியினர் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். அவர்கள் கொண்டுபோன குழம்பு அங்கே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சமைக்கும் ‘கறி கோட்’ என்னும் ஆட்டுக்கறிக் குழம்பு ஆனது. அந்தத் தூள் இப்போது வண்ணப் பொட்டலத்தில் சூளைமேட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்ற எண்ணமே, அதன் விலையைப் பற்றிய என் எரிச்சலைக் கொஞ்சம் தணித்தது.

தூளில் மஞ்சளே மேலோங்கி இருக்கிறது. மல்லி குறைவு, மிளகாய் அறவே இல்லை. காரம் தனியாக ஸ்காட்ச் பானெட்டிலிருந்து வர வேண்டும். எலும்போடு வெட்டிய வெள்ளாட்டுக்கறியில் தூளையும் வெங்காயத்தாளையும் தைமையும் பிசறி ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் சூடான எண்ணெயில் இன்னும் கொஞ்சம் தூளைப் போட்டு நிறம் மாறும்வரை வறுத்து, அதன் மேல் கறியைக் கொட்டிப் புரட்ட வேண்டும். தூளை எண்ணெயில் ‘எரிக்க’ வேண்டும் என்று தாள் சொல்கிறது. மஞ்சளின் பச்சை வாடை போவதற்கான வழி இது என்றாலும், அந்தச் சொல்லை அப்படியே நம்பி நான் உண்மையிலேயே எரித்துவிட்டதால் முதல் குழம்பு கசந்தது. இரண்டாம் முறை, நம் வீட்டில் மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றுவதுபோல இரண்டு கரண்டித் தண்ணீரில் தூளைக் குழைத்து ஊற்றி எண்ணெய் பிரியவிட்டேன், குழம்பு தப்பித்தது. தேங்காயும் தக்காளியும் இல்லாத குழம்பு நமக்குச் சற்று மெலிந்தே தெரியும். உருளைக்கிழங்கு கரைந்துதான் கெட்டியாக்க வேண்டும். ஆனால் எலும்பின் சாறும் தைமும் சர்வசுகந்தியும் கூடி வரும் அந்த வாசனை மட்டன் குழம்பில் நான் அறியாத ஒன்று. தைம் தீர்ந்த வாரத்தில் தொட்டியில் இருந்த ஓமவல்லி இலை இரண்டைக் கிள்ளிப் போட்டேன். கரிபியத் தீவுகள் சிலவற்றிலும் அந்த இலையைத் தைம் வகையாகவே சமையலில் சேர்க்கிறார்கள் என்பதால் இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

ஆக்கியும் உப்பு மீனும் ஜமைக்காவின் தேசிய உணவு. பெட்டியில் ஆக்கி இருக்கிறது, உப்பு மீன் இல்லை. இட்லியைக் கொடுத்துச் சட்னியை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்பதுபோல. அங்கே உப்பிட்ட காட் மீனைப் பயன்படுத்துவார்கள். நான் சிந்தாதிரிப்பேட்டையில் வஞ்சிரக் கருவாடு வாங்கி, ஓரிரவு ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டு, சுறாப்புட்டுக்கு உதிர்ப்பதுபோல உதிர்த்துக்கொண்டேன். வெங்காயம், தக்காளி, மிளகாய், தைம் வதக்கி, கருவாட்டைச் சேர்த்து, கடைசியில் ஆக்கியைப் போட்டுக் கிளறாமல் ஒருமுறை மட்டும் புரட்டி இறக்க வேண்டும், கிளறினால் கூழாகிவிடும். பார்வைக்கு முட்டைப் பொரியல், வாயில் வெண்ணெய். பிள்ளைகள் தொடவில்லை, நானும் அம்மாவும் சட்டியை வழித்தோம்.

பிரௌனிங் குப்பி தேவையே இல்லை. நாட்டுச் சர்க்கரையை இரும்புச் சட்டியில் கருகும் நிலைக்குச் சற்று முன்வரை உருக்கி வெந்நீர் ஊற்றினால் அதுவே பிரௌனிங்.

தாளில் இல்லாததுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஜமைக்கர்கள் கலாலூ என்று வதக்கி உண்ணும் கீரை நம் குப்பைக்கீரையின் இனம். பேமி என்னும் அடை, மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து சுட்டுத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பொரிப்பது. பொரித்த மீனின் மேல் காடியில் ஊறிய வெங்காயத்தையும் கேரட்டையும் சௌசௌவையும் கொட்டும் எஸ்கோவிச், சங்கரா மீனுக்கென்றே பிறந்தது. சென்னையில் வசிப்பவர் காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய இம்மூன்றையும் விட்டுவிட்டு, பெட்டியை நம்பிய நான்கு உணவுகளை மட்டும் தாள் பேசுகிறது.

ராஜ்மா, தேங்காய்ப்பால், தைம், பிரௌனிங், கறித்தூள் இவற்றை நம் கடைகளிலேயே வாங்கியும் வீட்டிலேயே செய்தும் முடித்தால் 700 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீதி விலைக்கு ஆக்கியும் ஜெர்க் விழுதும் சர்வசுகந்தியும் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். ஆக்கியை ஒருமுறை உண்டு பார்க்க விரும்புபவர்களும் ஸ்காட்ச் பானெட்டின் வாசனையை அறிய விரும்புபவர்களும் ஒருமுறை வாங்கலாம். இரண்டாம் பெட்டி வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நானும் வாங்கவில்லை. சர்வசுகந்தியை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று அதே நிறுவனத்திடம் கேட்டேன். பெட்டியாகத்தான் விற்போம் என்றார்கள். மாசி மாதம் குமுளிக்குப் போய்வந்த அண்ணன் கால் கிலோ கொண்டு வந்து கொடுத்தார். அதில் பாதியை அம்மா அஞ்சறைப் பெட்டியில் கிராம்புக்குப் பக்கத்தில் போட்டுவைத்திருக்கிறார். சென்ற வாரக் கோழிக் குழம்பில் யாரிடமும் சொல்லாமல் நான்கு காய்களைத் தட்டிப் போட்டிருந்தார்.