பழைய பீட்டில் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: அமுக்கமானி வைத்துப் பார்க்காமல் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள்

காற்றினால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒயில் அமுக்கம் குறைந்தால் எரியும் ஒயில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று கொழும்புக்கு அருகில் உள்ள ஒரு கராஜில் காரைக் கொடுத்தேன். எஞ்சின் முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டியதாகச் சொல்லி 285,000 ரூபா வாங்கினார்கள். அந்த எஞ்சினை அவர்கள் பிரிக்கவே இல்லை என்பதும், விளக்கு அணைந்திருந்ததற்குக் காரணம் வேறு என்பதும் மூன்று கிழமைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன.

கார் 1968 ஆம் ஆண்டின் 1300. அப்பா 1978 இல் கொழும்பில் பாவித்த காராக வாங்கியது. அவர் இருந்தவரை ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றி, அடியில் இருக்கும் வலையைக் கழற்றிப் பெற்றோலில் கழுவிப் பூட்டுவார். இந்த எஞ்சினுக்கு மற்றக் கார்களைப் போல ஒயில் பில்டர் கிடையாது. அந்த வலை ஒன்றுதான் காவல், ஊற்றும் ஒயிலும் இரண்டரை லீற்றர்தான். அந்த இரண்டரை லீற்றரே எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோகிறது என்பதால் ஒயில் அமுக்கம் குறைந்தால் இந்த எஞ்சினுக்கு அதிக நேரம் இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்தப் பயம்தான் என்னை அவசரப்பட வைத்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பி வரும்போது அனுராதபுரத்தைத் தாண்டி ஒரு சந்தியில் நின்றபோது, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, ஒயில் விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. அக்சிலரேற்றரை இலேசாக அழுத்தினால் அணைந்துவிடும். காலை எடுத்தால் மறுபடியும் வரும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதே இல்லை. எஞ்சினில் தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இந்த விவரங்களை எல்லாம் அந்தக் கராஜ் உரிமையாளரிடம் சொன்னேன். அவர் காரை ஸ்ரார்ட் செய்யச் சொல்லி, அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “கிராங் போட்டுது அண்ணை, இனித் திறக்கத்தான் வேணும்” என்றார். கிராங் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சினின் முதன்மைத் தண்டு. ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்க்கவில்லை. ஒயில் அமுக்கத்தை அளக்கும் அமுக்கமானி பூட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மருத்துவர் நாடி பார்க்காமலே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தால் நாம் எழுந்து வந்துவிடுவோம். கராஜில் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு 150,000 ரூபா முற்பணம் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஆறு கிழமை கழித்துக் கார் கிடைத்தது. எஞ்சினின் மேற்பக்கம் கழுவித் துடைத்துப் பளபளப்பாக இருந்தது. கிராங்கைத் தாங்கும் மெயின் பெயாரிங் ஒரு செற், கொன் றொட் பெயாரிங் ஒரு செற், ஒயில் பம்ப், ரிலீஃப் ஸ்பிரிங், கஸ்கட் செற் என்று கையால் எழுதிய பில் ஒன்றைத் தந்தார்கள்; கடையின் பெயரோ முத்திரையோ அதில் இல்லை. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன என்றார்கள். வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியில் ஓர் இடத்திலும் விளக்கு எரியவில்லை. மனம் நிறைந்துவிட்டது.

இரண்டாவது கிழமையில் ஒயில் மட்டத்தைப் பார்த்தபோது அது மேல் கோட்டையும் தாண்டி நின்றது. கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் போலும் என்று எண்ணி விட்டுவிட்டேன். ஓடுகிற எஞ்சினில் ஒயில் குறையலாமே தவிரக் கூடக் கூடாது என்ற எளிய கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது கிழமையின் முடிவில், நல்ல மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு காலையில், ஸ்ரார்ட் செய்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் இடது பக்கச் சிலிண்டர்களின் மேலாக ஒயில் வழிந்து நிலத்தில் குளம் கட்டியது. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, மறுபடியும் சாவியை முதல் நிலைக்குத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: மின்பிறப்பாக்கியின் விளக்கு எரிந்தது, ஒயில் விளக்கு எரியவில்லை. எஞ்சின் ஓடாத நேரத்தில் அமுக்கம் இல்லை. ஆகவே சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். ஆறு கிழமைக்குப் பிறகு காரை எடுத்த நாளில் இருந்து ஒரு தடவைகூட அது எரிந்ததாக எனக்கு நினைவில்லை.

காரை லொறியில் ஏற்றி, அப்பாவின் காலத்தில் இந்தக் காரைப் பார்த்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் மறுக்கவில்லை. முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கருகில் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டி, “மணந்து பாரும் தம்பி, இது ஒயிலோ பெற்றோலோ?” என்றார். பெற்றோல் வாடை முகத்தில் அடித்தது. விரலில் தொட்டுப் பார்த்தால் மண்ணெண்ணெய்போல ஓடியது.

பிறகு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடது பக்கத்தில் எஞ்சின் கேஸில் (எஞ்சினின் வெளிக்கூட்டில்) திருகியிருக்கும், ஒயில் விளக்கை இயக்கும் ஒயில் சுவிட்சைக் காட்டினார். அதன் முனையில் வயர் இல்லை. அந்த வயரைக் கழற்றி, முனையில் கறுப்பு ரேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, விசிறிக் கூட்டின் பின்னால் கண்ணுக்குத் தெரியாதபடி செருகியிருந்தார்கள். ரேப் புதியது, அதன் பசை இன்னும் ஒட்டியது. தானாகக் கழன்ற வயருக்கு யாரும் ரேப் சுற்றுவதில்லை.

அடுத்து, அடியில் இருக்கும் ரிலீஃப் வால்வின் மூடியை அகலமான திருப்புளியால் கழற்றினார். அதற்குள் ஒரு சிறிய பிஸ்டனும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். காலையில் ஒயில் தடிப்பாக இருக்கும்போது அமுக்கம் மிகுந்தால் அந்தப் பிஸ்டன் கீழே இறங்கி, மிகுதி ஒயிலை அடிப்பாத்திரத்துக்குத் திருப்பிவிடும்; அதனால் ஒயில் கூலர் தப்பும். பிஸ்டன் மேலே இறுகி நின்றால் முழு அமுக்கமும் கூலரில் ஏறிச் சீல்கள் ஒழுகும். கீழே இறுகி நின்றால் ஒயில் வீணாகத் திரும்பி ஓடி அமுக்கம் விழும், எஞ்சின் சூடாகும். என்னுடைய காரில் ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் இடையில் இரண்டு இரும்பு வொஷர்கள் கிடந்தன. ஸ்பிரிங் பழையதுதான், அளந்தபோது 62 மில்லிமீற்றர் இருந்தது, புதிய ஸ்பிரிங்குக்கே 62 முதல் 64 வரைதான் அளவு. நல்ல நிலையில் இருந்த ஸ்பிரிங்கை வொஷர் போட்டு இறுக்கி, தடித்த ஒயிலையும் ஊற்றி, அமுக்கத்தைச் செயற்கையாக ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குளிர்ந்த காலையில் கூலரின் சீல்கள் பிய்ந்ததற்கு இதுதான் காரணம்.

புதிது என்று பில்லில் எழுதியிருந்த ஒயில் பம்பும் பழையதே. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, பற்சில்லுகள் உராய்ந்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு இரண்டு வட்டத் தடங்கள் இருந்தன. மூடிக்கும் பம்புக்கும் இடையில், மெல்லிய காகித கஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில், மட்டையில் கையால் வெட்டிய தடித்த கஸ்கட்டைச் சிலிக்கன் பூசி ஒட்டியிருந்தார்கள். பற்சில்லின் முகத்துக்கும் மூடிக்கும் இடையில் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால், சூடான ஒயில் அந்த இடைவெளியாலேயே திரும்பிவிடும். பிதுங்கிய சிலிக்கனில் ஒரு துண்டு புழுப்போல உருண்டு அடிவலையில் கிடந்தது. அது பம்பைத் தாண்டி ஒயில் துவாரம் ஒன்றில் அடைத்திருந்தால் அன்றைக்கே உண்மையாகக் கிராங் போயிருக்கும்.

பெற்றோல் எப்படி வந்தது? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெற்றோல் பம்பின் றப்பர்ச் சவ்வு கிழிந்திருந்தது. கிழிசலால் கசியும் பெற்றோல் நேராக எஞ்சின் கேஸுக்குள் இறங்கி ஒயிலை மெல்லியதாக்கும்; மட்டம் கூடும்; சூடானதும் அமுக்கம் விழும்; சந்தியில் நிற்கும்போது விளக்கு எரியும். அனுராதபுரத்தில் நடந்தது இதுதான். முதல் நாளே டிப்ஸ்டிக்கை மணந்து பார்த்திருந்தால் ஒரு பெற்றோல் பம்பும் ஒரு தடவை ஒயிலும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும். பெற்றோல் கலந்த ஒயிலோடு சூடான எஞ்சினில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மூன்று கிழமை ஓடியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி.

பெயாரிங் மாற்றினார்களா என்று கேட்டேன். அவர் காருக்கு அடியில் என்னையும் படுக்க வைத்து, கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டை விளக்கடித்துக் காட்டினார். இந்த எஞ்சினில் மெயின் பெயாரிங்கைத் தொட வேண்டுமென்றால் சிலிண்டர் தலைகளையும் சிலிண்டர்களையும் கழற்றி, கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும், வேறு வழியில்லை. அப்படிப் பிளந்தால், வால்வுகளைத் திறக்கும் புஷ் றொட் கம்பிகள் ஓடும் குழாய்களின் சீல்கள் பதினாறும் புதிதாகப் போட வேண்டி வரும். என்னுடைய காரில் அந்தச் சீல்கள் கல்லாக இறுகி வெடித்திருந்தன. கேஸைப் பிணைக்கும் நட்டுகளைச் சுற்றிப் பல வருட ஒயிலும் புழுதியும் சேர்ந்த கறுப்புப் படை உடையாமல் இருந்தது. சாவி படாத நட்டு எது, பட்ட நட்டு எது என்பதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காரை எடுக்கும் நாளில் நான் கீழே குனிந்து பார்க்கவில்லை.

பெற்றோல் பம்பை மாற்றி, ஒயில் பம்பின் மூடியைக் கண்ணாடித் தட்டில் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தி, மெல்லிய கஸ்கட் போட்டு, வொஷர்களை எடுத்துவிட்டு, கூலருக்குப் புதிய சீல் போட்டு, சுத்தமான ஒயில் ஊற்றினார். பிறகு ஒயில் சுவிட்சைக் கழற்றி அந்தத் துவாரத்தில் அமுக்கமானியைப் பூட்டினார். அந்தத் துவாரத்தின் புரி கூம்பு வடிவானது. பொருந்தாத இணைப்பைப் பலவந்தமாக முறுக்கினால் மக்னீசியம் கலந்த கேஸ் வெடித்துவிடும் என்பதால், அளவு சரியான இணைப்புக்காக ஒரு நாள் காத்திருந்தோம். அரை மணி நேரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானபின் பார்த்தால், மெதுவாக ஓடும்போது 9 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல், அமுக்கத்தின் அலகு), நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 33. நிறுவனம் வகுத்த கணக்கில், ஒயில் 70 பாகை செல்சியசில் இருக்கும்போது 2,500 சுற்றில் 42 இருக்க வேண்டும். தேய்மானத்தின் எல்லை 28. ஐம்பது வருடம் கடந்த எஞ்சின் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. கிராங் போகவில்லை, போயிருக்கவும் இல்லை. எல்லாமாக 46,000 ரூபா முடிந்தது.

இந்த 33 என்ற எண்ணை அந்தக் கராஜில் முதல் நாளே பெற்றிருக்க முடியும். விளக்கை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்தச் சுவிட்ச் 2 முதல் 6 பி.எஸ்.ஐ. வரைக்குள் எங்கேயோ ஓர் இடத்தில்தான் அணைகிறது. 7 இருந்தாலும் அணைந்திருக்கும், 40 இருந்தாலும் அணைந்திருக்கும். சுவிட்சே பழுதாகி, அமுக்கம் நன்றாக இருக்கும்போது விளக்கு எரிவதும் உண்டு. ஆகவே ஒயிலின் மட்டத்தையும் மணத்தையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, சூடான எஞ்சினில் அமுக்கமானி வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் உண்மையிலேயே குறைவாக இருந்தால் ரிலீஃப் வால்வையும் பம்பின் மூடியையும் திறந்து பார்க்கட்டும். இவை எல்லாம் எஞ்சினைக் காரில் இருந்து இறக்காமலே ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைகள். இத்தனையும் சரியாக இருந்தும் 2,500 சுற்றில் அமுக்கம் 28 க்குக் கீழே நின்றால் மட்டுமே பெயாரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும், கழற்றும் ஒவ்வொரு பெயாரிங்கையும் உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று முற்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். வயர் பழையது, கழன்றிருக்கும் என்றார் உரிமையாளர். வொஷர்களை மேசையில் வைத்தபோது, முன்பு பார்த்த யாரோ போட்டிருப்பார்கள் என்றார். பணத்தைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். சேவை பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதை இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் கவனிக்கவும். முத்திரை இல்லாத பில், இரண்டு வொஷர்கள், மட்டை கஸ்கட், ரேப் சுற்றிய அந்த வயர்த் துண்டு, அமுக்கமானியின் படங்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். சமீபத்தில் எஞ்சின் வேலை செய்து காரை எடுத்தவர்கள் இன்றைக்கே சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, ஒயில் விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.