புது ஜீப் எடுக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கட்ட முதல் இதை வாசியுங்கள்

இரண்டு மாதம் பேரம் பேசி, முதல் நாள் அவர்கள் கேட்ட விலையை விட ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்து, முதல் நாள் காட்டிய வாகனத்தை விடத் தரம் குறைந்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். இது எப்படி நடந்தது என்று எனக்கே விளங்க ஒரு கிழமை எடுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கே இது நடந்தது என்பதால்தான் முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன். வன்னியில் இப்போது பலர் வாகனம் எடுக்க அலைகிறார்கள். ஒரு குடும்பமாவது அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதை வாசித்தால் போதும்.

நாங்கள் இருப்பது மல்லாவிப் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் ஏலாது, யாழ்ப்பாணத்தில் கிளினிக். மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கே இறங்கி, ஏ9 பஸ்ஸில் மறுபடி ஏறுவது அவவுக்கு முடியாத காரியம். எங்களிடம் ஒரு பழைய வான் இருந்தது. கார்த்திகை மார்கழி மழையில் வவுனிக்குளம் நிரம்பி வழியத் தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் அது இறங்காது. கொஞ்சம் உயரமான வாகனம் ஒன்று வேண்டும் என்று 5 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்குத் திறந்ததே 2025 பெப்ரவரி 1இல்தான். அத்தனை வருடம் பழைய வாகனங்களே கண்டபடி விலை போனதால், புதுசு வந்தவுடன் சனம் விலை கேட்காமல் பெயர் பதியத் தொடங்கியது. விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். "இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு டொலர் ஏறும், வரி ஏறும்" என்ற ஒரே பேச்சுத்தான் எல்லா இடத்திலும்.

காலபோக நெல் வித்த காசு, கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது, எங்கள் சேமிப்பு எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆனி மாதம் ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு சேலுக்கு, அதாவது வாகன விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கே விற்பனைக்கு நின்ற பொடியன் என்னிடம் 8ஆம் வகுப்பில் படித்தவன். "ரீச்சர்!" என்று ஓடி வந்து அம்மாவுக்குக் கதிரை போட்டு, கோலா வாங்கி வைத்தான். அந்த நிமிடமே நான் பாதி தோற்றுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிள்ளையிடம் எழுதித் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிழை முழுவதையும் அவன் தலையில் போட மாட்டேன், அவனை அப்படிக் கதைக்கப் பழக்கியவர்கள் உள்ளே ஏசி அறையில் இருந்தார்கள்.

காட்டியது டொயோட்டா ரெய்ஸ், அதிலும் வசதி கூடிய இஸட் (Z) தரம், வெள்ளை. விலை ஒரு கோடி 18 லட்சம். எங்கள் வானை எடுத்துக்கொண்டு 34 லட்சம் கழிப்பதாகச் சொன்னார்கள். அதாவது நாங்கள் மேலதிகமாகக் கட்ட வேண்டியது 84 லட்சம். இந்த 84ஐ நினைவில் வைத்திருங்கள்.

நான் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் விலைக்கு வரவே இல்லை. "ரீச்சர், விலையைப் பற்றி யோசியாதேங்கோ, மாசம் எவ்வளவு கட்டுவியள் எண்டதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். இந்த வசனம் உங்கள் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மாதத் தவணையில் கதை தொடங்கினால் மொத்த விலை கண்ணில் இருந்து மறைந்துவிடும். தவணைக் காலத்தை நீட்டியும், கடன் தொகையைக் கூட்டியும், வட்டியைக் கூட்டியும் அதே தவணைக்குள் எதையும் செருகலாம். நான் சொன்னேன், ஒரு லட்சத்து 16 ஆயிரம் வரை கட்டலாம் என்று. சொல்லியிருக்கக் கூடாது.

நாலு தரம் போய் வந்து, என் கணவரும் கதைத்து, கடைசியில் ஒரு கோடி 12 லட்சத்துக்கு இறங்கினார்கள். 6 லட்சம் குறைத்துவிட்டோம் என்று எங்களுக்குச் சந்தோசம். வான் 34, கையில் இருந்து 28, லீசிங் கடன் 50. கணக்குச் சரியாக வந்தது. அன்றைக்கே 5 லட்சம் அட்வான்ஸ் கட்டினோம். தந்த ரசீதில் என் பெயர், தொகை, "வாகன முற்பணம்" என்ற இரண்டு சொல், அவ்வளவுதான். விலை எழுதித் தருகிற புரோபோமா இன்வொய்ஸிலும் ரெய்ஸ், 2025, வெள்ளை என்றுதான் இருந்தது. இஸட் என்ற எழுத்து எங்கும் இல்லை, வாகனத்தின் உடலில் அடித்திருக்கும் செசி இலக்கம் இல்லை, வானின் 34 லட்சம் பற்றி ஒரு வரி இல்லை. நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

ஆவணியில் வாகனம் வந்துவிட்டது என்று கூப்பிட்டு லீசிங் பத்திரங்களில் கையெழுத்து வாங்கினார்கள். லீசிங் ஆளும் சேலுக்குள்ளேயே மேசை போட்டு இருந்தார். ஆங்கிலத்தில் கட்டுக் கட்டாகத் தாள், ஒவ்வொன்றாக விரலால் காட்டக் காட்ட நான் கையெழுத்து வைத்தேன். தவணை என்ற இடத்தில் 124,500 என்று இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் சேர்ந்து வந்தது ரீச்சர், எண்ணாயிரம்தானே கூட" என்றான். எல்லாம் என்றால் எது எது என்று நான் கேட்கவில்லை. மாதம் 8,500 ரூபாய் என்பது 60 மாதத்துக்கு 510,000 ரூபாய். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் செய்யும் கணக்கு அது.

திறப்பு வாங்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. 10.30க்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முதல் வாகனத்தை எடுத்து நேரே முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்த் தேங்காய் உடைப்பதாக ஏற்பாடு. அம்மா விடியவே முழுகிவிட்டு, டயருக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தா. நல்ல நேரத்தை நான்தான் முதல் நாளே போனில் அவர்களுக்குச் சொன்னேன்.

9.40க்கு வானைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். கீழே துரு, கியர் பெட்டியில் சத்தம் என்றார். 30 லட்சத்துக்கு மேல் எடுக்க முடியாதாம். இதே வானுக்கு வவுனியாவில் ஒருவர் சித்திரையில் 36 கேட்டிருந்தார், நாங்கள்தான் சேலுக்குக் கொடுத்தால் அலைச்சல் இல்லை என்று விட்டோம். நான் மாட்டேன் என்றேன். அப்போது உள்ளே இருந்து ஐயா ஒருவர் வந்து, அப்படியென்றால் அட்வான்ஸ் திரும்பி வராது, லீசிங்கும் பாஸாகிவிட்டது, அதை நிறுத்தினால் அந்தச் செலவும் உங்களுக்குத்தான் என்றார். குரலை உயர்த்தவே இல்லை, மிக மரியாதையாகச் சொன்னார். மணி 10.10. அம்மா வாகனத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்க்கிறா. என் கணவர் தம்பிக்குப் போன் எடுத்து 4 லட்சம் உடனே போடச் சொல்லி வாங்கினார். 10.25க்குத் திறப்பு கைக்கு வந்தது.

பின்னேரம் தம்பிக்கு வட்சப்பில் வாகனத்தைக் காட்டினேன். அவன் பார்த்த உடனே, "அக்கா, இது இஸட் இல்லை, சக்கரத்தைப் பாருங்கோ" என்றான். இது ஜீ (G) தரம். இஸட்டுக்கு 17 அங்குலச் சக்கரம், இதற்கு 16. உள்ளே வசதிகளும் குறைவு. பெயர் ஒன்று, வருடம் ஒன்று, நிறம் ஒன்று, விலை மட்டும் லட்சக் கணக்கில் வித்தியாசம். அவர்கள் குறைத்த 6 லட்சத்தின் இரகசியம் அதுதான். விலையை இறக்கவில்லை, வாகனத்தை இறக்கியிருக்கிறார்கள்.

பிறகு கடைசி இன்வொய்ஸை எடுத்து மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். பெயின்ட் கோட்டிங் 95,000. அடிப்பக்கத் துருக் காப்பு 60,000. சீட் கவரும் காலடி விரிப்பும் 55,000. முன் கமரா 45,000. ஆவணக் கட்டணம் 35,000. கொண்டுவந்து தந்த கூலி 60,000, வாகனத்தை ஓட்டிக்கொண்டு வந்தது நாங்கள். எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சம். இதில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்கவில்லை. இந்த மூன்றரை லட்சத்தைத்தான் லீசிங்கில் சேர்த்து 50ஐ 53.5 ஆக்கியிருக்கிறார்கள். ஐந்து வருடம் வட்டியோடு கட்டி முடிக்கும்போது அதுதான் கிட்டத்தட்ட 5 லட்சம்.

இப்போது அந்த 84க்கு வாருங்கள். முதல் நாள் அவர்கள் கேட்டது 118இல் 34 போக 84 லட்சம். நான் பேரம் பேசி 78க்குக் கொண்டுவந்ததாக நினைத்தேன். கடைசியில் போனது 115.5இல் வானுக்கு 30 போக 85.5 லட்சம். ஒரு பேரமும் பேசாமல் முதல் நாளே சரி என்று சொல்லியிருந்தால் ஒன்றரை லட்சம் குறைவாகக் கொடுத்து இஸட் தரத்தை வாங்கியிருப்பேன். இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

வானின் கதை தனி. மாற்றப் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் எழுதாமல் வெறுமையாகக் கையெழுத்து வாங்கினார்கள், ஓப்பன் பேப்பர் என்று சொல்வார்களே, அது. ஐப்பசியில் தெற்கில் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருந்து போன் வந்தது. உங்கள் வான் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது, வரச் சொல்லி. நல்ல காலம், அவருக்குப் பெரிய காயம் இல்லை. சேலுக்குப் பத்துத் தரம் எடுத்த பிறகுதான் வாங்கிய ஆளின் விபரத்தைத் தந்தார்கள். வாகனத்தை விற்றால் எம்ரிஏ 8 (MTA 8) படிவத்தை நீங்களே நிரப்பி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அது வாங்குபவரின் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய உரிமையாளர் தெரியப்படுத்துவதற்கென்றே இருக்கிற படிவம் அது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதினேன். 1977க்கு அழைத்தால் வழி சொல்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். நான் இரண்டரை மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில்தான் கொடுத்தேன். விசாரணையில் பெயின்ட் கோட்டிங் அடித்ததற்கு அவர்களால் ஒரு துண்டும் காட்ட முடியவில்லை. அந்த 95,000மும் கூலிக் காசு 60,000மும் திரும்பி வந்தது. தரம் மாறியதற்கும் வான் விலைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை.

எனவே அட்வான்ஸ் கட்ட முதல் ஒரே தாளில் இவை இருக்கட்டும்: மொடலோடு தரத்தின் எழுத்து, செசி இலக்கம், வற் (VAT) வரியும் பதிவும் எல்லாம் சேர்த்து வீதியில் இறங்கும் வரைக்கும் மொத்த விலை, எந்தத் திகதிக்குள் தருவார்கள், தராவிட்டால் அட்வான்ஸ் எப்போது திரும்பும். வற் 18 வீதம், சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு சொல் விடுபட்டால் கோடிக்கு 18 லட்சம். ஜப்பானில் இருந்து வந்ததென்றால் ஏற்றுமதிச் சான்றிதழைக் கேளுங்கள், அங்கே முதலில் எப்போது பதிந்தது என்று அதில் இருக்கும். இங்கே பதியாத வாகனம் எல்லாம் ஓடாத வாகனம் இல்லை. பழைய வாகனத்தை முடிந்தால் வெளியே விற்றுவிட்டுக் காசோடு போங்கள். நல்ல நேரத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டாம், திறப்பு வாங்கிய பிறகு இன்னொரு நாள் கோயிலுக்குப் போகலாம், பிள்ளையார் காத்திருப்பார்.

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் வேறு ஒரு சேலில் வாகனம் பார்க்க என்னையும் கூப்பிட்டார். தவணை எவ்வளவு கட்டுவீர்கள் என்று அங்கேயும் தொடங்கினார்கள். தவணையைப் பிறகு கதைப்போம், முதலில் மொத்த விலையைத் தரத்தோடும் செசி இலக்கத்தோடும் எழுதித் தாருங்கள் என்றேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார் அங்கே விற்பனைக்கு நின்றவர். சரி என்று எழும்பி நாங்கள் வாசல் வரை வந்துவிட்டோம். பின்னால் வந்து கூப்பிட்டு இருத்தி, பத்து நிமிடத்தில் சீல் குத்தி எழுதித் தந்தார்கள்.