நாலு வருஷமா கருப்பு: தண்டையார்பேட்டை காத்துக்கு எந்த துணி தாங்குது

2021ல ஆரம்பிச்ச கோத் பைத்தியம், அதாவது தலையில இருந்து கால் வரைக்கும் கருப்பா உடுத்துற ஸ்டைல். தெருவுல கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டு தான், கார்த்திகைன்னா "மாலை போட்ருக்கியாப்பா", மத்த மாசம்னா "திக-ல சேந்துட்டியா". வெளக்கம் சொல்றத விட்டு ரொம்ப நாளாச்சு.

தயவுசெஞ்சு பி.யூ. லெதர் (பாலியூரித்தேன் பூசுன செயற்கைத் தோல்) ஜாக்கெட் மட்டும் வாங்காதீங்க. எனக்கு 2400 ரூபா தண்டம். மொத வருஷம் செம கெத்து, ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சு பீரோவ தொறந்தா காலர் மடிப்பு பூரா வெடிப்பு, சரி பரவால்லன்னு போட்டுக்கிட்டு ராயபுரம் வரைக்கும் பைக்ல போய்ட்டு வந்தா கழுத்துல கருப்பு கருப்பா செதில், அம்மா அத ஏதோ தோல் வியாதின்னு நெனச்சு வேப்பெண்ணெய் எடுத்துட்டு வந்துட்டாங்க. பாலியூரித்தேன் காத்துல இருக்குற ஈரத்துலயே உடைஞ்சு போகுமாம், ஹைட்ராலிசிஸ்னு பேரு, போட்டாலும் உரியும் போடாம பொத்தி வெச்சாலும் உரியும். கடலோரத்துல கேக்கவே வேணாம். அதுக்கு ஆட்டோ சீட்டுக்கு போடுற ரெக்ஸினே தேவல. பிவிசி, வேர்வையில அவிச்சு எடுத்துடும், ஆனா அதுல தெச்ச கைப்பட்டை மூணு வருஷமா உரியாம இருக்கு.

வெல்வெட் மார்கழி தை தவிர வேற மாசத்துல நெனச்சே பாக்காதீங்க. என் பாலியஸ்டர் வெல்வெட் கோட்ட இஸ்திரிக்காரண்ணன் நேரா மேல பொட்டிய வெச்சுட்டாரு, புசுபுசுன்னு இருந்த இழையெல்லாம் படுத்து நெஞ்சுல இஸ்திரிபொட்டி ஷேப்லயே ஒரு பளபளப்பு, இன்னிக்கு வரைக்கும் போகல. உள்பக்கம் திருப்பி ஆவி மட்டும் காட்டணும்.

சவுகார்பேட்டைல மீட்டர் கணக்குல வாங்குன நைலான் லேஸ் ஓகே, நகம் பட்டா தான் இழுத்துக்கும்.

சாயம் தான் தீராத தலைவலி. இந்த ஸ்டைல்ல பாதி விக்டோரியா ராணி காலத்து துக்க உடைல இருந்து வந்தது, 1861ல புருஷன் செத்ததுல இருந்து 1901ல அவங்க சாகுற வரைக்கும் கருப்பு தான். அப்ப போட்ட கிரேப் துணி மழைல நனைஞ்சாலே பாழாம், சாயம் தோல்ல ஒட்டிக்குமாம். லண்டன்லயே அந்த கதி, நம்ம மொட்டமாடி வெயில்ல என் காட்டன் சட்ட ரெண்டே மாசத்துல காப்பி கலர். இப்ப உள்பக்கம் திருப்பி நெழல்ல தான் காயப்போடுறேன்.

கடைசில தாங்குறது கார்த்திகை சீசன்ல வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கெடைக்குற கருப்பு காட்டன் வேட்டி. ரெண்டு வாங்கி வெட்டி தெச்சா கணுக்கால் வரைக்கும் கோட்டு, காத்தும் வரும். போன தடவ கடைக்காரர் "சாமி சரணம்"னு சொல்லி இருபது ரூபா கொறச்சாரு, நானும் சரணம்னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.