ஊர் நலத் திட்டத்துக்கு ஊரைக் கேட்ட கூட்டம்: எங்கள் கிராம சபையைப் பற்றி ஒரு மதிப்புரை

2024 அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் தொடக்கம் முதல் கடைசிக் கையெழுத்து வரை இருந்தேன். அங்கே பேசப்பட்டவை அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் என்னவாயின என்பதையும் பின்தொடர்ந்து பார்த்தேன். கூட்டம் முடிந்த அன்றே எழுதியிருந்தால் பாராட்டு மட்டுமே எழுதியிருப்பேன் என்பதால், எட்டு மாதம் பொறுத்து இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு முறை கூட வேண்டும் என்றாகியிருக்கிறது. இவற்றில் காந்தி பிறந்தநாள் கூட்டத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2018 முதல் அந்த நாளை ஒட்டித்தான் அடுத்த ஆண்டுக்கான திட்டம் தீட்டும் பணி நாடு முழுவதும் தொடங்குகிறது. வறுமை ஒழிப்பு, குழந்தைகள் நலம், குடிநீர், தூய்மை என ஒன்பது கருப்பொருள்கள் தரப்பட்டு, ஊராட்சி தனக்கு முதன்மையானதைத் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் ஊராட்சி தேர்ந்துகொண்டது ‘நலமான ஊராட்சி’. மக்களின் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பற்றிய திட்டம் என்பதாலேயே இந்த முறை ஆர்வத்தோடு போனேன்.

ஏற்பாடுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. கூட்டத்தைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நடத்த வேண்டும் என்ற நெறியைப் பின்பற்றி, இம்முறை காலனிப் பகுதியின் தொடக்கப் பள்ளி முன்பு பந்தல் போட்டிருந்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பெரிய ஃபிளெக்ஸ் பேனராக அச்சடித்து, நின்று படிக்கும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். மூன்றாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 200 பேர். நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் வந்ததால்தான் அந்த எண்ணிக்கை நிறைந்தது. ‘கூட்டி வந்த கூட்டம்’ என்று இதைச் சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனவர்களில் பெரும்பாலோர் வேட்டி சட்டைக்காரர்கள். வெயில் ஏறிய பிறகும் உட்கார்ந்திருந்து கேள்வி கேட்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

அவர்களில் ஒரு பாட்டி எழுந்து, கூட்டத்தைப் பார்வையிடும் பற்றாளராக வந்திருந்த அலுவலரைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “ஐயா, பிரஷர் மாத்திரை கொடுக்கற பொண்ணு மேட்டுத்தெரு வரைக்கும் வருது. ஓடைக்கு இந்தாண்ட ரெண்டு தெருவுக்கு வர்றதில்ல. அந்தப் பொண்ண குத்தம் சொல்லலைங்க, ஓடையில தண்ணி போனா அது எப்படி வரும்? மாசத்துல ஒரு நாள் இந்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக் கொடுத்தா நாங்களே வந்து வாங்கிக்குவோம்.” ஒரு குறை, அதற்கான காரணம், செலவில்லாத தீர்வு ஆகிய மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பற்றாளர் பொறுமையாகக் கேட்டார். தலைவரும், “அம்மா சொல்றது சரி, எழுதிக்கங்க” என்று செயலரிடம் சொன்னார். பந்தலே தலையசைத்தது.

தீர்மான நகல் வேண்டுமென்று பிறகு மனுக் கொடுத்திருந்தேன். ஐந்து வாரம் கழித்துக் கைக்கு வந்த தாளில், பாட்டி பேசியதற்கு உரிய இடத்தில் இருந்த வரி இதுதான்: ‘ஊராட்சிப் பகுதியில் சுகாதாரப் பணிகளை மேம்படுத்த உரிய நடவடிக்கை எடுக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.’ ஓடையும் இரண்டு தெருவும் மாதத்தில் ஒரு நாளும் அதில் இல்லை. எந்தத் துறை, யாரிடம், எப்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் இல்லை. செயலரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட கோரிக்கைகளை, பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் உட்கார்ந்து, ஒருவரே எழுத வேண்டியிருந்தது. கை பழகிய வாசகம்தான் வந்து விழும். ஆனால் வட்டார அலுவலகத்துக்குப் போவது பாட்டியின் பேச்சு அன்று, அந்த வரிதான். கிராம சபையின் முதன்மையான குறை இதுவே என்பது என் முடிவு. காது கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்துக்குப் போகும் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் அதே கூட்டத்தில் இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பினர் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ப் பேசி, தங்கள் கோரிக்கைகளை ஒரு முழுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கன்வாடி மையத்துக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் இடம், வாய்க்கால் எத்தனை மீட்டர், அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தன. வேறு எழுத நேரமில்லாத செயலர் அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டார். ஊராட்சித் திட்டங்களை வெளியிடும் அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தால், ஒப்புதல் பெற்ற திட்டத்தை எவரும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 2025-26 ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அந்த வாய்க்கால் மதிப்பீட்டுத் தொகையோடு இருந்தது. நிதி அமைப்பும் அதற்குச் சாதகமாக இருந்தது. ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்கு 2025-26 வரை தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டிய தொகை. மீதி 40 விழுக்காட்டில்தான் ஊராட்சி தன் விருப்பப்படி திட்டமிட முடிந்தது. ஆகவே குழாய், வாய்க்கால், கழிவுநீர்க் குழி போன்றவை எளிதில் இடம்பிடித்தன. செலவில்லாத பணிகளையும் திட்டத்தில் சேர்க்க வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன என்றாலும், எங்கள் ஊராட்சிப் பட்டியலில் அப்படி ஒரு வரிகூட இல்லை. உடல்நலத்தை முதன்மைக் கருப்பொருளாகத் தேர்ந்த ஊராட்சியின் திட்டம், முழுக்க முழுக்கச் சிமெண்ட் வேலைகளின் பட்டியலாக முடிந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகவே கூடுகிறது. ஊர் மக்களே திட்டம் தீட்டும்படி அங்கே 1996இல் தொடங்கிய ‘மக்கள் திட்ட’த்தில், கூடியவர்கள் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்து பேசும் வழக்கமும் உருவானது. எங்கள் ஊராட்சியில் ஏழு குக்கிராமங்களுக்கும் சேர்த்து ஒரே பந்தல், ஒரே ஒலிபெருக்கி, ஒரே புத்தகம். சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மாலை உட்கார்ந்து பேசி, இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை மேசையில் கொடுத்து மற்றொன்றில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டாலே பாதிக் குறை தீரும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். தீர்மானத்தை அந்த இடத்திலேயே வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டதால், எங்கள் ஊராட்சியை அதன் பிறகு அரசு அமர்த்திய தனி அலுவலர் நிர்வகித்துவந்தார். “எழுதிக்கங்க” என்று சொல்லத் தலைவர் இல்லாத நிலையில், வழியில் மடக்கிக் கேட்பதற்கு வார்டு உறுப்பினரும் இல்லாத நிலையில், கிராம சபை முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆனால் மே 1 கூட்டத்துக்கு வந்தவர்கள் முன்னைவிடக் குறைவு.

அன்று நான் அக்டோபர் தீர்மான நகலைக் கொண்டுபோயிருந்தேன். அந்த வரியை வாசித்துவிட்டு, பாட்டி கேட்டது இதுவன்று என்று சொன்னேன். தனி அலுவலர் மறுப்பேதும் சொல்லாமல், சரியான வாசகத்தைச் சொல்லச் சொன்னார். ‘ஓடைக்குக் கிழக்கே உள்ள இரண்டு தெருக்களைச் சேர்ந்தோருக்கு மாதந்தோறும் ஒரு நாள் தொடக்கப் பள்ளி வளாகத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள் வழங்க ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொள்வது’ என்று செயலர் எழுதி, உரக்க வாசித்தார். பாட்டி இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த வரிக்கு நேராகவே கைநாட்டு வைக்க வேண்டும் என்று இடத்தைக் காட்டச் சொன்னார்.