பங்குனியில் ஒரு நாள் மிச்சம்: கீரிமலையா, நயினாதீவா, நெடுந்தீவா?

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கினால், வெளிநாடு வந்த நினைப்பே வராது. கடைப் பலகையில் தமிழ், பஸ்ஸில் நம்மூர்ப் பாட்டு. பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைதான் சாட்சி. போன பங்குனியில் நானும் தம்பியும் யாழ்ப்பாணம் போனபோது நல்லூர், கோட்டை, நூலகம் எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே பார்த்தாகிவிட்டது. கையில் ஒரு முழு நாள் மிச்சம். வடக்குக் கரையோரமாகக் கீரிமலை, பருத்தித்துறை என்று போவதா, நயினாதீவா, நெடுந்தீவா? நாங்கள் நெடுந்தீவுக்குப் போனோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கீரிமலையைக் குறைத்துச் சொல்லவில்லை. கடலுக்கு ஒட்டினாற்போல நன்னீர் ஊற்றுக் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்க, இந்தப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் நிற்கலாம். பக்கத்திலேயே நகுலேஸ்வரம், ஈழத்தின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. ஆனால் காங்கேசன்துறைத் துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். கப்பலில் வருபவர்கள் அதற்காக ஒரு நாளை ஒதுக்கவே வேண்டாம். நாங்கள் ஊர் திரும்பும் நாள் காலையில் ஆட்டோவில் போய் முங்கிவிட்டு, ஈரத் துண்டோடு கப்பலுக்கு வந்தோம். பருத்தித்துறைப் பக்கம் நாங்கள் போகவில்லை. வல்லிபுர ஆழ்வார் கோயிலும் மணற்காட்டு மணல்மேடுகளும் பார்க்க வேண்டியவை என்றார்கள். பார்க்காததை எடைபோட எனக்கு வழியில்லை.

நயினாதீவு எளிது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ், அங்கிருந்து படகில் சுமார் இருபது நிமிடம். இறங்கினால் நாகபூஷணி அம்மன், கொஞ்சம் நடந்தால் நாகதீப விகாரை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் யோசிக்காமல் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களை நெடுந்தீவுப் பக்கம் தள்ளியது காற்று. தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் யோசனை கேட்டதற்கு, "சோழகம் துவங்கினா அந்தக் கடல் சும்மா விடாது தம்பி. இப்பவே போட்டில போட்டு வாங்கோ" என்றார். போட்டில் எதைப் போட வேண்டும் என்று நான் முழித்தேன். 'போய்விட்டு வாருங்கள்' என்பதுதான் அங்கே 'போட்டு வாங்கோ' என்று பிறகு புரிந்தது. அவர் சொன்னதன் கணக்கு இதுதான்: ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக் காற்றும் மழையும். வைகாசி பிற்பாதியில் தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பினால் ஆவணி வரை ஓயாது. இரண்டுக்கும் நடுவில் பங்குனியும் சித்திரையும் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள். நயினாதீவுக் கடவை குட்டியானது, தீவுகளுக்கு நடுவே போவது, காற்றிலும் சமாளிக்கலாம். நெடுந்தீவு அப்படியில்லை. தீவுக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் வெளியே, தென்மேற்கைப் பார்த்துத் தனியாகக் கிடக்கிறது. அதே குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம் திறந்த கடல். சோழகத்தில் குமட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், கடல் மோசமான நாளில் படகே ஓடாது. கீரிமலைக்கு எந்த மாதமும் பஸ் உண்டு. பங்குனியில் வந்தவர் இந்த மாதங்களில் மட்டும் சுகமாகக் கிடைப்பதைப் பார்ப்பதுதானே கணக்கு?

நாங்கள் போன அன்று கடல் குளம் மாதிரி இருந்தது. 1985 மே 15ஆம் தேதி குமுதினிப் படகில் போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே கடல்வழியில்தான். அது தெரிந்திருந்ததால் போகும்போது நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இறங்கியதும் ஆட்டோ பேசிக்கொண்டோம். தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், நடந்து தீராது. பழைய கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்குமரம் என்று ஆட்டோக்காரர் ஒரு சுற்று வைத்திருக்கிறார். பெருக்குமரம் நம்மூரில் பொந்தன்புளி என்பார்களே, அதுதான். அடிமரப் பொந்துக்குள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். தீவின் காட்டுக் குதிரைகள் தெற்குப் பக்கம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வாரிசுகள், யாருக்கும் சொந்தமில்லாதவை. தூரத்தில் ஏழெட்டு, கிட்டத்தில் ஒரு தாயும் குட்டியும் பார்த்தோம். கோடை முற்றித் தண்ணீர் வற்றினால் அவை படும் பாடு மோசம் என்றார் ஆட்டோக்காரர்.

எனக்கு மறக்காதது குதிரையில்லை, வேலி. தீவு முழுக்க வீட்டுக்கும் தோட்டத்துக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். சாந்து கிடையாது, கல்மேல் கல். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு போலக் கண் கண்ணாகப் பவளத்தின் அச்சு, ஒன்றில் மூளை மடிப்பு மாதிரி வளைவுகள். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்தது, இப்போது ஆட்டை மறிக்கிறது. தம்பி கோட்டைக்கு வா வா என்று கூப்பிட, நான் ஒரு வேலியோரமாகவே அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

குறைகளும் உண்டு. நிழல் குறைவு, பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். நாங்கள் கொண்டுபோன இரண்டு லிட்டர் தண்ணீர் நண்பகலுக்குள் காலி. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே துறையில் கேட்டுவிடுங்கள். கடைசிப் படகை விட்டால் இரவு அங்கேதான். இரண்டு தீவுக்கும் குறிகட்டுவான்தான் துறை என்பதால் நயினாதீவையும் அதே நாளில் சேர்த்துவிடலாமா என்று கேட்டோம். படகுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒண்டைப் பாருங்கோ தம்பி, ஒழுங்காப் பாருங்கோ" என்றார். நாங்கள் போனது ஒரே முறை, அதுவும் நல்ல நாளில். மழைக்காலத்தில் அந்த மண் பாதைகள் எப்படி இருக்குமோ, என் அனுபவத்தில் இல்லை.

சாயங்காலம் வீட்டுப் படியேறியதும் அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, கறுத்தக்கொழும்பான் மாதிரி வந்து நிக்கிறியள்?" கறுத்தக்கொழும்பான் அந்த ஊரின் பேர்போன மாம்பழம். சித்திரை இன்னும் பிறக்கவில்லை, பழம் எங்கள் கண்ணில் படவில்லை. பேரை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.